கறியை விட்டாச்சு, அப்புறம்? தெம்பே பற்றி ஒரு பாடம்



புரட்டாசி வரப்போகிறது. நம் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது அந்த மாதம் கவுச்சி தொடமாட்டீர்கள். ஆகவே இந்த முறை பாடத்தைத் திருமுறையிலிருந்து தொடங்காமல், பிரிஞ்சாங்கில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 17 வயது. இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் பால்குடம் எடுத்தாள். 48 நாள் விரதம். விரதம் முடிந்த மறுநாள் அம்மா கோழி வாங்கி வந்தபோது, "எனக்கு வேணாம்மா, நான் இனிமே சாப்பிடப் போறதில்ல" என்று சொல்லிவிட்டாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. திருக்குறளில் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அதை நம் வகுப்பில் நடத்தியவன் நான்தான். 'பரவால்லையே, நம்ம பாடம் வேலை செஞ்சிருக்கு' என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மே மாதம் பள்ளிச் சபைகூடலில் அவள் மயங்கி விழுந்தாள். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.6. அவள் வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே அது இரத்தச்சோகை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இது நாலு மாசத்துல வந்தது இல்ல, முன்னாடியே கொஞ்சம் குறைவாத்தான் இருந்திருக்கும்" என்றும் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "கறிய விட்டுட்டு அந்த எடத்துல என்ன சாப்பிடுற?" என்று கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். சோறு, ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம். காலையில் ரொட்டியும் தேயும். இதுதான் பதில். கறி போன இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் எதையும் வைக்கவில்லை. பாடம் நடத்திய நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி பிடித்துக்கொண்டார்கள். பாட்டி சுங்கை பாலாஸ் தோட்டத்தில் ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்தவர்கள். "நாங்க கறிக்கு ஏங்கிக் கெடந்தோம்டா. சம்பளம் போட்ட வாரந்தான் ஆட்டுக்கறி. அதுலயும் எலும்பு ஆம்பளைங்களுக்கு, கொழம்பு எங்களுக்கு. இப்ப கையில காசு இருந்தும் இதுங்க வேணாங்குது. சாமி கேட்டுச்சா?" பாட்டி சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பசியோடு வளர்ந்தவர்களுக்கு நம்முடைய விரதம் வேறு மாதிரிதான் தெரியும். அதை நாம் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஆனால் தங்கை அசையவில்லை. "மாத்திர சாப்பிடுறேன், கறி சாப்பிட மாட்டேன்" என்றாள். அப்படியானால் அந்தக் காலி இடத்தில் எதை வைப்பது என்று தேட வேண்டியது என் பொறுப்பானது.

முதலில் எல்லோரும் போகிற இடத்துக்கே போனேன், சைவக் கடையில் கிடைக்கும் 'சைவ மட்டன்', 'சைவக் கோழி'. நம் ஊரில் சாம் போ புத்தர் கோவில் இருக்கிறது. மகாயான பௌத்தர்களான சீனர்களிடம் சைவ உணவு பழைய பழக்கம், அவர்கள் வழியாகத்தான் இந்தப் பண்டங்கள் நம் கல்யாணப் பந்தி வரை வந்தன. சோயாவும் கோதுமைப் பசையமும் சேர்த்துச் செய்வது. சிலவற்றில் முட்டை வெள்ளைக்கருவும் இருக்கும், அதனால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். உப்பும் தாராளம். எப்போதாவது ஒரு விருந்தில் சாப்பிடலாம். தினசரிக்கு என் மனம் ஒப்பவில்லை. கறியை விட்டவன் கறி மாதிரியே ஒன்றைத் தேடி அலைவதில் எனக்கு ஏதோ இடிக்கிறது. இது என் கருத்து, நீங்கள் வகுப்பில் மறுத்துப் பேசலாம்.

பிறகுதான் பாசார் மாலாமில், ஜாவா வம்சத்து மக்சிக் ஒருவரின் கடையில், வாழை இலையில் மடித்த வெள்ளைக் கட்டியைப் பார்த்தேன். பார்த்தேன் என்ன, சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாசி லெமாக் கடையில் நெத்திலியோடு பொரித்து வைத்திருப்பார்கள். நம் வீட்டில் மட்டும் அது நுழைந்ததில்லை. 'அது மலாய்க்காரங்க சாப்பாடு' என்று விட்டுவிட்டோம். தெம்பே.

அது என்ன பொருள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சோயாவை ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, ஆறவிட்டு, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தின் வித்தைத் தூவி இலையில் கட்டி வைப்பார்கள். அந்தப் பூஞ்சணத்தின் பெயர் ரைசோபஸ். ஒன்றரை நாளில் அது வெள்ளை நூல் நூலாக வளர்ந்து, தனித்தனியாகக் கிடந்த பருப்புகளை எல்லாம் ஒரே கட்டியாகப் பின்னிவிடும். கத்தியால் துண்டு போடலாம், உதிராது. ஜாவாவில் பிறந்த உணவு இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட செரத் செந்தினி என்ற ஜாவானியப் பெருநூலில் தெம்பேயின் பெயர் வருகிறது. நம் நாட்டுக்கு ஜாவாவிலிருந்து வந்து குடியேறிய மக்களோடு வந்தது. ஏழைகளின் சாப்பாடு என்ற பெயரும் கூடவே வந்தது. இந்தோனேசிய அதிபர் சுகர்னோவே 'தெம்பே இனம்' என்ற சொல்லைப் பலவீனத்துக்கு அடையாளமாகப் பயன்படுத்தியிருக்கிறார். கூழையும் பழைய சோற்றையும் நாம் ஒரு காலத்தில் எப்படிப் பார்த்தோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜாவாவில் ஜப்பானியர் நடத்திய கைதி முகாம்களில் ஒரு விஷயம் தெரிய வந்தது. வேகவைத்த சோயாவைக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் நலிந்த கைதிகளுக்குச் செரிக்கவில்லை. அதே சோயாவைத் தெம்பேயாக்கிக் கொடுத்தால் செரித்தது. அங்கே அடைபட்டிருந்த டச்சு ஆய்வாளர்கள் பின்னாளில் இதை எழுதினார்கள். பூஞ்சணம் நம் வயிற்றின் வேலையில் ஒரு பங்கை முன்கூட்டியே செய்து வைத்துவிடுகிறது. இட்லி மாவு புளிக்கும்போது நடப்பதற்குப் பக்கத்து வேலைதான், ஆள் மட்டும் வேறு. இட்லியில் பாக்டீரியா, தெம்பேயில் பூஞ்சணம்.

இட்லி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. உணவு வரலாற்றறிஞர் கே.டி. ஆச்சயா, மாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து நம்மிடம் வந்திருக்கலாம் என்று ஓர் ஊகத்தைச் சொன்னார். அந்தக் கால ஜாவாவில் இந்து அரசர்கள் ஆண்டார்கள், இரு பக்கமும் போக்குவரத்து இருந்தது என்பது அவருடைய காரணம். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் 'நம்ம சாப்பாடு, அவங்க சாப்பாடு' என்று கோடு கிழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கிறது, இல்லையா?

சோயாவைப் புளிக்கவைத்துச் சாப்பிடுவது இந்தியாவுக்கும் புதிதல்ல. நம்மைப் போலவே தேயிலை மலையில் வாழும் டார்ஜிலிங், சிக்கிம் நேபாளி மக்களிடம் கினேமா இருக்கிறது. நாகாலாந்தில் சூமி மக்களின் அக்கூனி, மணிப்பூரில் ஹவாய்ஜார், மேகாலயாவில் துங்ரிம்பாய். இவை பாக்டீரியாவால் புளிப்பவை, கொழகொழவென்று இருக்கும், வாடை ஆளைத் தூக்கும். தெம்பே அப்படியில்லை. பச்சையாக முகர்ந்தால் காளான் வாசனை, பொரித்தால் வறுத்த கச்சான் வாசனை.

சரி, வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பாட்டி இலையைப் பிரித்தார்கள். "ஐயையே, பூசணம் பூத்துப் போச்சுடா! இதக் காசு குடுத்து வாங்குனியா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவை மூன்று குணங்களாகப் பிரிக்கிறது. பழசாகிப்போனது, சுவை கெட்டது, நாற்றமடித்தது எல்லாம் தாமச உணவு. மனு நூல் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் விலக்குகிறது. அப்படியிருக்க, பூஞ்சணத்தை வேண்டுமென்றே வளர்த்துச் சாப்பிடுவது சைவமா? நான் படித்ததிலிருந்தும் யோசித்ததிலிருந்தும் சொல்கிறேன்: இதில் உயிர்க்கொலை இல்லை, எனவே புலால் இல்லை என்பதில் சந்தேகமே கிடையாது. கெட்டுப்போவது வேறு, பக்குவப்படுத்துவது வேறு. பால் திரிந்து போவதும் பால் தயிராவதும் ஒன்றா? தயிரை நாம் சாமிக்கே அபிஷேகம் செய்கிறோம். ஆனால் காளானையே வீட்டுக்குள் விடாத ஆசாரக் குடும்பங்களும் நம்மிடம் உண்டு. அவர்கள் தெம்பேயை மறுத்தால் அதுவும் ஒரு நியாயமான நிலைதான். அவர்களிடம் போய் வாதாடாதீர்கள்.

கடையில் வாங்கிச் சமைத்தது இரண்டு முறை. பிறகு சொந்தமாகச் செய்து பார்க்க ஆசை வந்தது. மக்சிக்கிடம் கேட்டேன். "ராகி போடணும்" என்றார். பாட்டி கேழ்வரகு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்! மலாய் மொழியில் ராகி என்றால் புளிக்கவைக்கும் வித்து. அதிலும் தாப்பாய் செய்யும் ராகி வேறு, தெம்பே ராகி வேறு. தாப்பாய் ராகியில் ஈஸ்ட் இருக்கும், மது வாடை வந்துவிடும். கடையில் கேட்கும்போது 'ராகி தெம்பே' என்று தெளிவாகக் கேளுங்கள்.

இங்கேதான் நம் மலையின் குணம் குறுக்கே வந்தது. கீழே தாப்பாவிலோ ஈப்போவிலோ தெம்பே செய்கிறவர்கள் கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். அங்கே அறையின் வெப்பமே 30 பாகை. ரைசோபஸ் கேட்பதும் அதுதான். பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். இராத்திரியில் 15, 16 பாகைக்கு இறங்கிவிடும். தண்ணீர்கூட இங்கே 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் சோயா வேக நேரம் எடுக்கும். குக்கர் வைத்தால்தான் சரிப்படும்.

முதல் தடவை அடுப்படி அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்தும் ஒரு வெள்ளை நூல் இல்லை. மூன்றாம் நாள் பிசுபிசுவென்று ஆகி, புளித்த நாற்றம். தூக்கி எறிந்தேன். குளிரில் ரைசோபஸ் தூங்கிவிட, வேறு கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இரண்டாம் தடவை காய்கறித் தோட்டத்தில் கிடைத்த வெள்ளை போலிஸ்டரின் பெட்டிக்குள், சுடுதண்ணீர் ஊற்றிய புட்டிகளைத் துணியில் சுற்றி வைத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் மாற்றினேன். இரவெல்லாம் தூக்கம் இல்லை. முதல் நாள் அழகாக வெள்ளை பூத்தது. மறுநாள் சாயங்காலம் திறந்தால் நடுப்பகுதி பழுப்பேறி, அமோனியா வாடை மூக்கைத் துளைத்தது. காரணம் புரியவில்லை. சூடு கொடுத்தும் கெட்டது, கொடுக்காமலும் கெட்டது.

அதைக் கண்டுபிடித்தது பாட்டிதான். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். "டேய், இது தானாவே கொதிக்குதுடா. நீ ஏன் இன்னும் சுடுதண்ணி வைக்கிற? கொழுந்த கூடையில அமுக்கி வச்சா என்னாகும்? உள்ளுக்குள்ள சூடாயி செவந்து போயிடும். மண்டோர் கூடைக்குள்ள கைய விட்டுத்தான் பாப்பாரு. சூடா இருந்தா ஏசு விழும். கொழுந்துக்குக் காத்து போகணும்."

அதேதான். பறித்த கொழுந்து கூடைக்குள் மூச்சு விடுகிறது, சூடாகிறது. பூஞ்சணமும் வளரத் தொடங்கிவிட்டால் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். முதல் 16லிருந்து 20 மணி நேரம் வரைதான் வெளிச்சூடு வேண்டும். பிறகு புட்டிகளை எடுத்துவிட்டு, மூடியைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். புத்தகத்தில் இதைப் படித்திருந்தால் எனக்கு மனதில் நின்றிருக்காது. பாட்டி கூடையைச் சொன்னதும் நின்றுவிட்டது.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது. தொழிற்சாலையில் 'பெர்மெண்ட் ஆவுது' என்று சொல்கிறார்களே, அது உண்மையில் புளித்தல் அல்ல. இலையை நசுக்கியதும் அதிலுள்ள நொதிகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இலையைச் சிவக்க வைக்கின்றன. அங்கே கிருமிகளுக்கு வேலை இல்லை. பெயர் மட்டும் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. உயிருள்ள ஒன்று வளர்ந்து உணவை மாற்றுவது தெம்பேயிலும் இட்லி மாவிலும் தயிரிலும்தான்.

மூன்றாம் தடவை சரியாக வந்தது. செய்கிறவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். அரைக் கிலோ சோயாவை இரவு முழுக்க ஊறவைத்து, கையால் கசக்கித் தோலை நீக்கி, தண்ணீரில் மிதக்கும் தோலை வடித்துவிடுங்கள். பொறுமை வேண்டிய வேலை, இரண்டு பேர் இருந்தால் நல்லது. குழையாமல் வேகவைத்து வடித்து, சுத்தமான துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். ஈரம் நின்றால் நிச்சயம் கெடும். கைச்சூடு அளவுக்கு ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி ராகி தெம்பே சேர்த்து நன்றாகப் பிரட்டுங்கள். வாழை இலை கிடைத்தால் இலை. இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் ஊக்கால் விரலகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டு, இரண்டு செண்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே 30 பாகை இருக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் சொல்லட்டும். 36லிருந்து 48 மணி நேரத்தில் கட்டியாகும். ஆனதும் குளிர்ப்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

ஓட்டைகளின் பக்கத்தில் சாம்பல் அல்லது கறுப்புப் புள்ளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ரைசோபஸின் வித்துதான். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறம் தெரிந்தாலும், கொழகொழப்பு வந்தாலும், அமோனியா அடித்தாலும் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். முக்கியமாக, 'சோயாவுக்குப் பதில் தேங்காய்த் துருவல் போட்டா என்ன' என்று யாரும் ஆராய்ச்சி செய்யாதீர்கள். ஜாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்த தெம்பே போங்ரெக் என்ற வகையில் ஒரு பாக்டீரியா நஞ்சு உண்டாகிப் பல உயிர்கள் போயின. 1988இல் இந்தோனேசியா அதைத் தடையே செய்துவிட்டது. சோயா தெம்பேயில் ஆளைக் கொல்லும் அந்த ஆபத்து இல்லை.

இனி சத்துக் கணக்கு. நூறு கிராம் தெம்பேயில் புரதம் 19, 20 கிராம் போல இருக்கும். தவ்ஃபூவில் வகையைப் பொறுத்து அதில் பாதியோ அதற்கும் குறைவோ. வெந்த சோற்றில் நூறு கிராமுக்கு மூன்று கிராம்கூடத் தேறாது. கோழிக்கறியில் 25க்கு மேல். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 கிராம் புரதம் போல வேண்டும் என்பது பொதுக் கணக்கு, வளர்கிற பிள்ளைகளுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். ரசமும் அப்பளமும் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற பகுதி சோயாவிலும் பருப்பிலும் நிறைய இருக்கிறது, அதனால் இரண்டும் சேர்ந்தால் நிறைவு. அப்படியானால் பருப்பே போதாதா? போதும், கெட்டியாக ஒரு கிண்ணம் சாப்பிட்டால். நம் வீட்டுப் பருப்பில் பருப்பைத் தூண்டில் போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதுதான் சிக்கல்.

இரும்புச்சத்தும் தெம்பேயில் இருக்கிறது. சோயாவில் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட் என்ற பொருளை, ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் குறைக்கின்றன. இருந்தாலும் தாவர இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. கூடவே எலுமிச்சையோ தக்காளியோ கொய்யாவோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி உதவும். கெடுப்பது எது தெரியுமா? தே. சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலுள்ள டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். தங்கை மூன்று வேளையும் சாப்பிட்ட கையோடு ஒரு கப் தே ஓ குடிப்பாள். தேயிலையால் வாழ்ந்த குடும்பம் நாங்கள், தே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பாட்டுக்கும் தேக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறோம். முதல் வாரம் சண்டை. இப்போது பழகிவிட்டது. இந்த ஒரு பழக்கத்தைத் தோட்டத்து வீடுகள் எல்லாம் மாற்றினால் நம் அம்மாக்களுக்கும் நல்லது.

தெம்பே எல்லாவற்றையும் தரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். வைட்டமின் பி12 விஷயத்தில் பலர் தவறாகச் சொல்கிறார்கள். சோயாவில் அது கிடையாது, ரைசோபஸும் அதை உண்டாக்காது. கூட வளரும் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கலாம், ஆனால் அளவை நம்ப முடியாது. பால், தயிர், மோர் சாப்பிடுகிறவர்கள் அதில் பெற்றுக்கொள்ளலாம். பாலையும் விட்டவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுக்கத்தான் வேண்டும். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நல்ல இடைவெளி விட வேண்டும்.

ஆகஸ்டில் தங்கைக்கு மறுபடி இரத்தம் பார்த்தோம். 11.7. இதில் பெரும் பங்கு மாத்திரைக்குத்தான். தே இடைவெளிக்குக் கொஞ்சம், தெம்பேக்குக் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளலாம். தெம்பேயால்தான் ஏறியது என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் சபைகூடலில் அவள் இப்போது நிற்கிறாள், கூடைப்பந்தும் ஆடுகிறாள்.

சமைப்பது பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ருசி இல்லாவிட்டால் இந்தப் பாடம் முழுக்க வீண். கடையில் சம்பாலாகச் செய்து விற்பதை விரத நாளில் வாங்காதீர்கள். பெரும்பாலும் பெலாச்சானோ ஈக்கான் பிலிஸோ சேர்ந்திருக்கும். வீட்டில் செய்யும்போது முதலில் பத்து நிமிஷம் ஆவியில் வைத்தால் இலேசான கசப்புப் போய்விடும். மெல்லிய துண்டுகளாக்கி, மஞ்சள், உப்பு, கரைத்த புளியில் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பொரித்தெடுங்கள். பிறகு சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து மிளகுத் தூள் போட்டுக் கோழிப் பிரட்டல் செய்கிற மாதிரியே பிரட்டுங்கள். கறி ருசி வராது. வர வேண்டியதும் இல்லை. அது அதன் ருசியில் நன்றாக இருக்கிறது. விலையும் ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில்கூட வராது, கோழியோடு வேண்டுமானால் போட்டி போடும்.

அடுத்த வகுப்பில் பேசுவதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். புரட்டாசி சனிக்கிழமைப் படையலில் தெம்பே வைக்கலாமா? கோவில் அன்னதானத்தில் பரிமாறலாமா? நம் தெண்டாயுதபாணி கோவிலுக்கு வரும் பெரியவர்கள் சிலரிடம் பேச்சு வாக்கில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் "சோயாதானே, என்ன தப்பு?" என்றார். இன்னொருவர் "பழக்கத்துல இல்லாதத சாமிக்கு வைக்காத, நீ சாப்பிடு" என்றார். எனக்கு இரண்டாமவர் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. நாம் சாப்பிடுவதையெல்லாம் படைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பாட்டி என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். விரத நாளில் அவர்கள் இன்னும் தொடுவதில்லை. "பூசணம் பூசணந்தான்" என்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, தமக்கு வைத்த கோழியின் பக்கத்தில் இரண்டு துண்டு பிரட்டலை எடுத்து வைத்துக்கொண்டு, "மொளகு பத்தல" என்றார்கள். பெட்டிக்குள் கை விட்டுச் சூடு பார்ப்பது இப்போது அவர்கள் வேலை. என்னை நம்புவதில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் இருங்கள், ராகி தெம்பே கொஞ்சம் பிரித்துத் தருகிறேன். கழுவிக் காயவைத்த போலிஸ்டரின் பெட்டி ஒன்றையும் இரண்டு புட்டிகளையும் நீங்களே கொண்டு வர வேண்டும்.